நாலு மணின்னு போட்டா நாலு மணிக்கு மேடை ஏத்துங்க: ஆணழகன் போட்டி நடத்தறவங்களுக்கு ஒரு அம்மாவோட மடல்

மாவட்ட ஆணழகன் போட்டி நடத்தற சங்கத்து தலைவர், செயலாளர், நிர்வாகிகள் எல்லார்த்துக்கும் வணக்கமுங்க.

போன மாசம் ஞாயித்துக்கிழமை அந்தக் கல்யாண மண்டபத்துல நடந்ததை நான் உங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லைங்க, நீங்க எல்லாரும் அங்கதான் இருந்தீங்க. 65 கிலோ பிரிவு கூப்பிட்டப்ப வரிசைல நின்ன ஒரு பையன் வயித்தைப் பிடிச்சுட்டு சுருண்டு விழுந்தானே, அவனைப் பெத்தவ நான். திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் மிசின் ஓட்டறேன். இப்படி மடலெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் கேக்கறது நெம்ப இல்லைங்க. நோட்டீஸ்ல போட்ட நேரத்துக்கு பசங்களை மேடை ஏத்துங்க. மேடைக்குப் பின்னால ஒரு டாக்டரை உக்கார வைங்க. அவ்வளவுதான்.

நீங்க நோட்டீஸ்ல மாலை 4 மணின்னு போட்டிருந்தீங்க. அதை நம்பித்தான் என்ற பையன் சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணியோட தண்ணியை நிறுத்துனான். தோலுக்கடில தண்ணி நிக்காம இருந்தாத்தான் சதை வரிவரியா தெரியும், அதுக்குத்தான் கடைசி நாள்ல தண்ணி குடிக்கறதில்லைன்னு அவன் சொல்லி எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாததா. நாலரைக்கு மேடை ஏறுனா அஞ்சுக்கெல்லாம் இறங்கிருவேன், இறங்குன உடனே இளநி குடிக்கறேன்மான்னு சொல்லி ரெண்டு இளநியை பையில வாங்கி வெக்கச் சொன்னான். அந்த ரெண்டு இளநியும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்ற பையிலயேதான் இருந்துச்சு.

மண்டபத்து பந்தி ஹாலைத்தான் பசங்களுக்கு ஒதுக்கியிருந்தீங்க. முப்பது நாப்பது பசங்க, உடம்பெல்லாம் கருஞ்சிவப்பா டேன்னு ஒரு சாயம் பூசிட்டு, சிமெண்ட் தரைல துண்டை விரிச்சு, காலைத் தூக்கி சேர் மேல வெச்சுட்டு படுத்துக் கெடந்தாங்க. ஒருத்தனும் பேசலை. ஃபேன் போட்டா குளுருதுங்கறான், நிறுத்துனா வேர்த்து கலர் ஒழுகுதுங்கறான். நாலு போச்சு, அஞ்சு போச்சு, ஆறும் போச்சு. கேட்டா சிறப்பு விருந்தினர் அவினாசி தாண்டிட்டார், இப்ப வந்துருவார்னு சொன்னீங்க.

ஏழு மணி இருக்குமுங்க, என்ற பையன் என்னைக் கூப்பிட்டான். அம்மா, ஒரு மூடி தண்ணி மட்டும் ஊத்தும்மா, முழுங்க மாட்டேன், நாக்கை நனைச்சுக்கறேன்னான். பாட்டில் மூடியில ஊத்தி வாய்ல விட்டேன். சின்னதுல பாலாடைல மருந்து ஊத்துன அதே வாய். உள்ள வெச்சு அப்பிடி இப்பிடி கொப்புளிச்சுட்டு, ஒரு சொட்டு முழுங்காம என்ற முந்தாணைல துப்பிட்டான். உதடு ரெண்டும் வெடிச்சிருந்துச்சு. பாட்டில் நிறைய தண்ணி என்ற கைல இருக்குது, பெத்த புள்ளைக்குக் குடிக்கக் குடுக்க முடியலை. குடிச்சா அஞ்சு மாச உழைப்பு போச்சுன்னு அவன் கண்ணுல தெரியுது. ஊத்தாட்டி என்ன ஆகுமோன்னு எனக்கு அடி வயித்துல பயம். இந்த ஒரு மூடித் தண்ணியை நான் இன்னும் மறக்கலைங்க.

விருந்தினர் ஏழரைக்கு வந்தார். பொறவு சால்வை. நான் பந்தி ஹால் கதவோரமா நின்னு பாத்துட்டேதான் இருந்தேன், ஒருத்தர் விடாம மேடைக்குக் கூப்பிட்டு பொன்னாடை போட்டு போட்டோ எடுத்து, அப்பறம் பேச்சு. இளைஞர் உடல்நலம் பத்தித்தான் பேசினாங்க. அப்பறம் 55 கிலோ, 60 கிலோ. என்ற பையனைக் கூப்பிடறப்ப மணி ஒம்பதே முக்கால். இருபத்தஞ்சு மணி நேரம் தண்ணி இல்லாம ஒரு உடம்பு. மொதல்ல கெண்டைக்கால்ல பிடிச்சுச்சு, அப்பறம் வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு, கை விரலெல்லாம் மடங்கிப் போச்சு. மைக்குல "யாராவது டாக்டர் இருந்தா மேடைக்குப் பின்னால வரவும்"னு ரெண்டு தரம் சொன்னாங்க. யாரும் வரலை. மூணாவது தரம் அடுத்த பிரிவைக் கூப்பிட்டாங்க.

அவனோட ஜிம்முல இருக்கற பசங்கதான் தூக்கி ஒரு கார்ல போட்டு ஆஸ்பத்திரி கொண்டு போனாங்க. பொட்டாசியம் 2.8 இருந்துச்சு, 3.5க்கு மேல இருக்கோணுமாம், இன்னும் இறங்கியிருந்தா நெஞ்சுத் துடிப்பே மாறிப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். என்ன மாத்திரை போட்டேன்னு அவனைக் கேட்டார். அவன் என்னைப் பாத்தான், அப்பறம் சொன்னான். நீர் பிரியற மாத்திரை, அரை மாத்திரை, ஆரோ குடுத்தது.

இதை நான் மறைக்கலைங்க. அது அவன் பண்ணுன தப்பு, அதுக்கு வீட்டுல அவனை நான் பேசுன பேச்சை இங்க எழுத முடியாது. ஊக்கமருந்து தடைப் பட்டியல்ல அந்த மாத்திரையும் இருக்குது. 2022ல நாட்டுக்கே சட்டம் போட்டாச்சு. 1992ல முகமது பெனாசிசான்னு ஒரு பெரிய வீரர் ஹாலந்துல போட்டி முடிஞ்ச கையோட செத்துப் போயிருக்கார், 1996ல ஆஸ்திரியாக்காரர் ஆண்ட்ரியாஸ் முன்சர் 31 வயசுலயே போயிட்டார். இதெல்லாம் இந்த விளையாட்டுல இருக்கற எல்லார்த்துக்கும் தெரிஞ்ச கதைதானுங்க. தெரிஞ்சும் உங்க போட்டில ஒரு பையனைக்கூட நிறுத்தி என்ன சாப்ட்டேன்னு கேக்கலை, எடை மட்டும் பாத்து நம்பர் ஒட்டி விட்டீங்க. டப்பால பேரே இல்லாத பவுடரை கிலோ கணக்குல விக்கறாங்க, சீட்டு இல்லாம ஊசி குடுக்கறாங்க, இருபது வயசுப் பசங்க உசுரோட விளையாடறாங்க. கேக்கறதுக்கு ஒருத்தரும் இல்லை. கடைசில ஊர் பேசறது யாரை? பெத்தவளைத்தான். பொண்ணு பாக்கப் போனா, ஓ பாடி பில்டரா, ஊசி போடறவனான்னு கேக்கறாங்க. ரெண்டு எடத்துல அப்பிடியே எந்திரிச்சு வந்திருக்கோம்.

இதுக்காக இந்த விளையாட்டே வேண்டாம்னு சொல்ற அம்மான்னு என்னை நினைச்சுக்காதீங்க. எட்டாவது படிக்கறப்ப அவனுக்கு வீசிங். மார்கழி வந்தா ராத்திரி பூரா உக்கார வெச்சு முதுகை நீவிட்டே இருப்பேன். இப்ப காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஜிம்முக்குப் போயிட்டு எட்டு மணிக்கு கம்பெனிக்குப் போறான், ஒரு நாள் டாஸ்மாக் வாசல்ல அவனைப் பாத்தேன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. அவங்கப்பனைக் கட்டிட்டு நான் பட்டதுக்கு, இது எனக்கு எவ்வளவு பெருசுன்னு எனக்குத்தான் தெரியும். எங்க மாமியா இடுப்பு ஒடிஞ்சு ஏழு மாசம் படுக்கைல கெடந்தாங்க, அவங்களை குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போய் வாசல்ல வெயில்ல உக்கார வெப்பான். "என்ற சாமி"ன்னு அவன் கையைத் தடவிக் குடுப்பாங்க. அந்த உடம்பை நான் எப்பிடிங்க வேண்டாம்னு சொல்லுவேன்.

ஆனா வெசனமும் இருக்குதுங்க. ஒரு நாளைக்கு பதினஞ்சு நாமக்கல் முட்டை வேக வெக்கறேன், வெள்ளையை மட்டும் உண்டுட்டு மஞ்சளை தட்டுல உருட்டி வெச்சுட்டுப் போறான். அரிசிம்பருப்பு சோறுன்னா உசுரை விடுவான், அஞ்சு மாசமா அதைத் தொடலை. நோம்பிக்கு ஒப்பிட்டு, அதான் போளி, சுட்டு வெச்சா மோந்து பாத்துட்டு வெச்சுடறான். போட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரில இருந்து வந்தவன் படுத்த பெட்சீட்டுல அவன் உடம்பு அச்சு அப்பிடியே பதிஞ்சிருந்துச்சு, தோளு, முதுகு, ஒரு கை, எல்லாம் அந்த டேன் கலர்ல. மூணு தரம் சோப்புத்தூள்ல ஊற வெச்சும் போகலை. அந்தப் பெட்சீட்டை மடிச்சு பீரோக்கு மேல போட்டிருக்கேன், விரிக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

அவன் ரூம் செவுத்துல மனோகர் ஐச் படம் ஒட்டியிருக்கான். அஞ்சடி கூட இல்லாத மனுசன், 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ் வாங்கி 104 வயசு வரைக்கும் இருந்து 2016லதான் போனார்னு அவன்தான் எனக்குச் சொன்னது. அப்பிடி இருக்கோணும்னுதானுங்க நானும் கேக்கறேன். அடுத்த போட்டிக்கு உசுரோட வந்து நிக்கோணும்.

நம்ம அலகுமலைல ஜல்லிக்கட்டு நடக்குது. வாடிவாசல்ல இறங்கறதுக்கு முன்னாடி மாடு பிடிக்கறவங்களை டாக்டர் பாக்கறார், மாட்டுக்கும் மாட்டு டாக்டர் பாக்கறார், 108 வண்டி பக்கத்துலயே நிக்குது. மாட்டுக்குக் குடுக்கற மதிப்பு எங்க பசங்களுக்கு இல்லையாங்க? ஒரு பையன்கிட்ட 500 ரூவா நுழைவுக் கட்டணம் வாங்கறீங்க. அன்னைக்குப் போட்ட சால்வைல பாதியைக் குறைச்சிருந்தா ஒரு டாக்டரை சாயங்காலம் பூரா உக்கார வெச்சிருக்கலாம். விருந்தினர் லேட்டா வந்தா லேட்டாவே வரட்டும், போட்டியை ஆரம்பிச்சுருங்க, அவர் வந்து பரிசு மட்டும் குடுத்துட்டுப் போகட்டும். தண்ணி குடிக்காம கெடக்கறது அவர் இல்லைங்க.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. வருசா வருசம் கைக்காசு போட்டு, அலைஞ்சு இந்தப் போட்டியை நடத்தறீங்கன்னு எனக்குத் தெரியும், நீங்க இல்லாட்டி எங்க பசங்களுக்கு ஏறி நிக்க ஒரு மேடையே இருக்காது. அதனாலதான் வேற எங்கயும் போகாம உங்ககிட்டயே கேக்கறேன். சொன்ன நேரத்துக்கு மேடை ஏத்துங்க. பின்னால ஒரு டாக்டரை உக்கார வைங்க. கூப்பிட நேரமாகும்னா முன்கூட்டியே பசங்ககிட்டச் சொல்லிருங்க, ஆளுக்கு நாலு வாய் தண்ணியாவது குடிச்சுக்கட்டும்.

தை மாசம் அடுத்த போட்டின்னு கேள்விப்பட்டேன். மாத்திரை தொட மாட்டேன்னு எங்க மாமியா போட்டோ முன்னாடி சத்தியம் பண்ணிட்டு மறுபடி நாலரைக்கு எந்திரிக்க ஆரம்பிச்சுட்டான். தடுத்துப் பாத்தேன், கேக்கலை. வருவான், நானும் இளநி வாங்கிட்டு கூட வருவேன். நோட்டீஸ் அடிக்கறப்ப விருந்தினர் பேருக்குக் கீழ, கடைசி வரில ஆனாலும் பரவாயில்லைங்க, அன்னைக்கு வர்ற டாக்டர் பேரையும் போட்டு அடிங்க.

இப்படிக்கு,
65 கிலோ பிரிவுல விழுந்த பையனோட அம்மா,
திருப்பூர்.