தறி ஓடிய அறையில் மீன்

கொளத்தூர், சென்னை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் விசைத்தறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தானே நாம் பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டோம். காலியான பின்கட்டில், தண்ணீரை மாற்றாமல் வளர்க்கும் பயோபிளாக் முறையில் வண்ணமீன் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வளர்க்கலாம்.

நான் இதற்கு வந்ததே தண்ணீர்க் கஷ்டத்தால்தான். சிமெண்ட் தொட்டியில் வளர்த்தபோது வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர். மீன் விற்ற காசு தண்ணீருக்கே போனது. இப்போது ஆவியாகிக் குறைவதை மட்டும் ஊற்றி நிரப்புகிறேன். எப்போதாவது கொஞ்சம் கசடு எடுத்து விடுகிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். மீனுக்குப் போடும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் சுமார் கால் பங்குதான் அதன் உடம்பில் சேரும். மீதி கழிவாகி, பெரும்பாலும் அம்மோனியாவாகத் தண்ணீரில் கலந்து, மீனையே கொல்லும். அந்தத் தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்றி, ராப்பகலாகக் காற்று கொடுத்தால், பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று பெருகும். பெருகியது திரண்டு சின்னச் சின்னத் துகளாக மிதக்கும். அந்தத் துகளை மீன் தின்னும். கழிவு மறுபடி தீவனமாகிறது, பார்! கார்பன் தருவது வெல்லம், நைட்ரஜன் தருவது அம்மோனியா. இஸ்ரேல் ஆய்வாளர் யோராம் அவ்னிமெலெக் இந்தக் கார்பன்-நைட்ரஜன் கணக்கை 1999-ல் எழுதினார். முப்பது சதவீதப் புரதமுள்ள தீவனம் 100 கிராம் போட்டால் 50 கிராம் வெல்லம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

தண்ணீர் தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு மீனை விட்டுவிடாதே. முதலில் நுரைக்கும், அப்புறம் கலங்கும், பிறகுதான் டீ நிறத்துக்கு வரும். கையில் அள்ளிப் பார்த்தால் தவிட்டுத் துகள் போல மிதக்கும். நல்ல தண்ணீரில் மழை பெய்த மண்வாசனை வரும். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் அடியில் கசடு தங்கிக் காற்றில்லாமல் அழுகுகிறது என்று அர்த்தம். கூம்புக் குடுவையில் ஒரு லிட்டர் எடுத்து அரை மணி நேரம் வைத்தால் துகள் அடியில் படியும். 15 மில்லிக்கு மேல் போனால் நான் வெல்லத்தை நிறுத்திவிடுவேன்.

எல்லா மீனுக்கும் இது சரிவராது. மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில், கோய்க் குஞ்சு எல்லாம் நன்றாக வரும். ஃபைட்டருக்கு வேண்டாம், நீளத் துடுப்பை வைத்துக்கொண்டு காற்றுக் குமிழி கிளப்பும் கொந்தளிப்பில் அதனால் நிற்க முடியாது. உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரோ உப்புக் கரிக்கும், மோலிக்கு அது பிடிக்கும். நீ மோலியில் தொடங்கு. கலங்கல் தண்ணீரில் மீனின் நிறம் தெரியாது, வியாபாரி வந்து பார்த்தால் முகம் சுளிப்பார். விற்பதற்குப் பத்து நாள் முன்பே தெளிந்த தண்ணீருக்கு மாற்றிவிடு.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். போன வருடம் ஒரு ராத்திரி திடீரென்று விழிப்பு வந்தது. ஏன் விழித்தேன் என்றே புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, குமிழிச் சத்தம் நின்றிருந்தது. தறி நின்றால் உன் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வருவாரே, அதே மாதிரி. கரண்ட் போய், இன்வெர்ட்டர் பேட்டரியும் காலி. டார்ச் அடித்துப் பார்த்தால் கோய்க் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இந்தத் தண்ணீரில் மீன் மட்டுமா மூச்சு விடுகிறது? கோடிக்கணக்கான பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சும். அரை மணி நேரம் தாங்காது. நானும் என் மனைவியும் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினோம். விடியும்போது நாற்பது குஞ்சு போயிருந்தது. ஆகவே தொட்டி வாங்குவதற்கு முன்னால் நல்ல பேட்டரி வாங்கு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

நாளாக ஆக தண்ணீரின் பி.எச். இறங்கும், அதாவது அமிலத்தன்மை ஏறும், சமையல் சோடா போட்டுச் சரிசெய்யலாம். மானியம் பற்றிக் கேட்டிருந்தாய். 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 60 என்று இருந்தது. தங்கச்சி பெயரில் போடுவதுதான் நல்லது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நடை இங்கே வா. என் தொட்டித் தண்ணீரில் ஒரு கேன் தருகிறேன். உறை ஊற்றுவது போல உன் தொட்டியில் ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ராத்திரி பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்ச் சேரும்வரை அதற்கும் காற்று வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்