எங்கள் ஆடு வளர்ப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் குழுவில் கடைசியாகக் காத்திருந்த குடும்பத்துக்கும் ஒரு பெட்டைக்குட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தச் செய்தியோடுதான் நன்றி சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தோம்.

முதல் ஆடுகளுக்குப் பணம் தந்த அன்பர்களே, நீங்கள் வைத்தது ஒரே நிபந்தனை: முதலில் பிறக்கும் பெட்டைக்குட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். 1944-இல் அமெரிக்காவில் டான் வெஸ்ட் தொடங்கிய ஹெய்ஃபர் என்ற உதவி அமைப்பு கிடேரிகளை வைத்துச் செய்து காட்டிய வழி இது. கேட்க எளிதுதான். ஆனால் ஐந்து மாதச் சினையைப் பொத்திப் பொத்திப் பார்த்து, குட்டி பால் மறந்து மேயத் தொடங்கி, பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்த பிறகு கயிற்றை அவிழ்த்து இன்னொருவர் கையில் கொடுப்பது லேசான காரியமில்லை. எங்கள் குழுப் பெண்கள் கொடுத்தார்கள். அதனால் முதல் நன்றி அவர்களுக்கே. நீங்களும் அதைத்தான் விரும்புவீர்கள். உதவி வாங்கியவர் என்று இங்கே யாரும் கூனிக்குறுகி நிற்கவில்லை.

அடுத்து, கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு. ஆட்டை வாங்கிக் கொடுத்தால் உதவி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டுக்கொல்லி நோய் ஒருமுறை புகுந்தால் பட்டியே காலியாகிவிடும். தடுப்பூசி போட்டீர்கள், மழைக்கு முன் குடற்புழு மருந்து கொடுக்கச் சொன்னீர்கள். குட்டி பிறந்ததும் தாமதிக்காமல் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும் என்று வீடு வீடாக வந்து சொல்லிக் கொடுத்தீர்கள். ஓர் இரவு குட்டி குறுக்கே திரும்பி ஆடு தவித்தபோது, போனிலேயே வழிகாட்டி இரண்டு உயிரையும் காப்பாற்றினீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் இந்தத் திட்டம் முதல் மழைக்காலத்தையே தாண்டியிருக்காது.

ஒரே கிடாவை வைத்துக்கொண்டிருந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்து குட்டிகள் நலிந்துவிடும் என்று எச்சரித்து, தன் கிடாவையே மாற்றித் தந்த அண்ணனுக்கு நன்றி. வேலிமசால் என்னும் தீவனப்பயிர் விதைக்கத் தரிசு நிலத்தை விட்டுக்கொடுத்த அம்மாவுக்கும், எந்தக் குட்டி எந்த வீட்டுக்கு என்று சண்டை வராமல் பதிவேடு எழுதிய தங்கைக்கும் நன்றி.

அப்புறம் ஒரு சேதி. ஆடுகளைக் கண்மதிப்பில் விற்காமல் எடை போட்டு விற்கத் தராசு வாங்குகிறோம். பணம் எங்கள் சேமிப்பிலிருந்தே. நீங்கள் எல்லோரும் ஒருமுறை நேரில் வந்து பட்டிகளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்புக் குழுவின் சார்பில்