எண்ணெய் முடிஞ்சு நிண்ட மோட்டர்

முல்லைத்தீவு

அன்பின் மச்சானுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். மூத்தவளுக்கு வவுனியாவில வேலை கிடைச்சிட்டுது, கிழமைக்கொருக்கா வந்து போறாள். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிக்கொண்டு போகுது, வாய் மட்டும் குறையேல்லை. உங்கட நாச்சிக்குடாப் பக்கம் இழுவைப்படகுத் தொல்லை இப்ப எப்பிடி எண்டு எழுது.

உன்ர வள்ளத்து மோட்டர் விசயத்துக்கு வாறன். போனில சொன்னால் பாதியை மறந்திடுவாய், அதுதான் எழுதுறன். இரணைதீவுப் பக்கம் எண்ணெய் முடிஞ்சு நிண்டதெண்டும், கானில இருந்து ஊத்தின பிறகும் பிடிக்கேல்லை எண்டும் சொன்னாய். மோட்டரில ஒரு பழுதும் இருக்காது. தாங்கி வறண்டால் குழாய், காபரேற்றர் எல்லாம் காத்து ஏறியிடும். அந்தக் காத்தை எடுக்காமல் கயிறு இழுத்தால் தோள்மூட்டுத்தான் கழரும்.

ஆனா முதல் வேலை மோட்டரில இல்லை, நங்கூரத்தில. எங்கட கிழக்குக் கரையில சோளகம், அதுதான் தென்மேல் காத்து, அடிச்சால் வள்ளம் வெளிக்கடலுக்கு இழுபடும். மேற்குக் கரையில இருக்கிற உனக்கு அது மறுவளம், வடகீழ் வாடைதான் உன்னைக் கரையை விட்டுத் தள்ளும். நீ தொழிலுக்குப் போறதும் அந்த வாடைக் காலத்திலதானே. ஆகவே கல்லைப் போட்டு வள்ளத்தை நிப்பாட்டிப்போட்டு ஆறுதலா வேலையைப் பார்.

எண்ணெய் விட்ட உடன தாங்கி மூடியில இருக்கிற காத்துத் திருகைத் திறந்து விடு. அது பூட்டிக் கிடந்தால் தாங்கிக்குள்ள காத்துப் போகாது, எண்ணெயும் வராது. கன பேர் இதிலதான் மாட்டுப்படுறவை. பிறகு குழாய் நடுவில இருக்கிற ரப்பர் பம்பைப் பார். அதில உள்ள அம்புக்குறி மோட்டரைப் பாத்து இருக்கவேணும். மோட்டர்ப் பக்கத்து நுனி மேல நிக்கிற மாதிரி செங்குத்தாப் பிடிச்சு அமத்து. முதல் பொச்சுப் பொச்செண்டு போகும், கொஞ்சத்தில கல்லுமாதிரி இறுகும். இறுகாட்டி எங்கயோ காத்து இழுக்குது, குழாய் கொழுவுற இடத்து ரப்பர் வளையத்தைப் பார்.

இறுகினாப் பிறகு நியூற்றலில விட்டு, சோக்கை இழுத்து, கயிறை ஒருக்கா மெல்ல இழுத்துப் பிடிப்பு வந்த இடத்தில இருந்து ஒரே வெட்டா இழு. பிடிச்ச உடன சோக்கைத் தள்ளிவிடு. பிடிக்காமல் பெற்றோல் மணம் அடிச்சால் எண்ணெய் கூடிப்போச்செண்டு அர்த்தம். சோக்கை உள்ளுக்குத் தள்ளி, அக்சிலேற்றரைக் கூட்டி வைச்சுச் சும்மா இழு. அதுக்கும் சரிவராட்டி பிளக்கைக் கழட்டித் துடைச்சுக் காயவைச்சுப் பூட்டு. மோட்டர் ஓடினதும் அதைக் குளிராக்கிற தண்ணி பின்னால பீச்சுதோ எண்டு பார்க்க மறக்காத.

உன்ரது மண்ணெண்ணெய் மோட்டர் எண்டபடியால் இன்னொரு சங்கதி. சூடு ஆறாமல் இருந்தால் மண்ணெண்ணெயிலயே பிடிச்சாலும் பிடிக்கும். ஆறிப்போச்செண்டால் பெற்றோலுக்கு மாத்தித்தான் எழுப்பவேணும், குளிரில மண்ணெண்ணெய் ஆவியாகாது. தொண்ணூறுகளில பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில உங்கட அப்பா மோட்டர்சைக்கிள் ஓடினது நினைவிருக்கோ? சின்னப் போத்தலில வைச்சிருந்த பெற்றோலைத் துளித்துளியாக் காபரேற்றருக்கு விட்டு உதைச்சு எழுப்பிப்போட்டு, புகைக்குள்ள மண்ணெண்ணெயில போவார். அதே வித்தைதான். ஒரு சின்னக் கானில கொஞ்சப் பெற்றோல் எப்பவும் வள்ளத்தில கிடக்கட்டும், செலவழிச்சுப் போடாத.

தாங்கி அடிமட்டம் வரைக்கும் ஓடினபடியால் அடியில கிடந்த தண்ணியும் மண்டியும் இழுபட்டிருக்கும். தண்ணி மண்ணெண்ணெயை விடப் பாரம், அடியிலதான் கிடக்கும். வடிகட்டியைக் கழட்டிப் பார், முத்துமுத்தாத் தெரியும். கடல் தண்ணியில விளக்கெரியிறது வற்றாப்பளை அம்மனுக்கு மட்டும்தான் மச்சான், உன்ர மோட்டர் எரியாது. ரண்டடி (ரூ ஸ்ரோக்) எஞ்சினுக்கு உராய்வு குறைக்கிற ஒயில் வாறதும் எண்ணெயோட கலந்துதான். எண்ணெய் முடிஞ்சு இருமி இருமி ஓடுற அந்தக் கடைசி நேரத்தில அது ஒயில் காணாமலும் ஓடுது. திரும்பத்திரும்ப அப்பிடி நிண்டால் பிஸ்ரன் போகும்.

2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறினதில இருந்து இஞ்சயும் ஆக்கள் மேலதிகக் கானை ஏத்திறதில்லை, கணக்குப் பாத்து மட்டுமட்டா ஊத்திக்கொண்டு போகினம். குறை சொல்லேலாது. ஆனா போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு எண்டால் மூண்டாம் பங்கு ஒண்டு தாங்கியில இருக்கவேணும். எதிர்க்காத்து உன்ர கணக்குக் கொப்பியைப் பாத்து வீசாது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வாறதெண்டால் முன்னமே சொல்லு, மனுசியையும் கூட்டிக்கொண்டு வா. வரேக்க பழைய வடிகட்டியையும் பிளக்கையும் கையில கொண்டு வா, இஞ்ச கடையில அளவு பாத்து எடுத்துத் தாறன்.

அன்புடன்,
உன்ர மச்சான்