குன்றடி ஊற்றைக் காக்கவும், கெட்டால் ஈடான தண்ணீர் தரவும் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: கருங்கல் குவாரியால் எங்கள் ஊற்றும் கிணறுகளும் வற்றுவது

கன்னியாப் பக்கத்துக் குன்றடியில் குடியிருக்கும் எங்கள் மக்களின் சார்பில், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இதை எழுதுகிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாய் வழியாகப் பட்டினத்துக்குப் போகிறது; எங்கள் மேட்டுக்கு இன்னும் ஏறவில்லை. எங்களுக்கு இருப்பது பாறை இடுக்கில் கசியும் ஓர் ஊற்றும் அதற்குக் கீழே உள்ள கட்டுக்கிணறுகளும்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறுகள் அடி காட்டினாலும் ஊற்று நின்றதில்லை. முகாம்களில் இருந்துவிட்டு மீளக்குடியேறிய சனம், கொட்டில் போடுவதற்கு முன்பே துப்புரவாக்கியது இந்த ஊற்றைத்தான்.

எங்கள் பெண்களுக்கு ஊற்றடியில் ஒரு பழக்கம் உண்டு. தகரப் பீலியின் கீழே குடத்தை வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவார்கள். முன்பெல்லாம் அறுபது எண்ணுவதற்குள் குடம் நிரம்பிவிடும். இந்த ஆனியில் என் மனைவி இருநூற்று நாற்பது வரை எண்ணினார். குவாரியில் வெடி வைக்கும் நாட்களில் தண்ணீர் அரிசி கழுவிய நிறத்தில் வருகிறது. இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் குடத்தடியில் கற்பொடி படிந்திருக்கும், விரலால் தொட்டால் நறநறக்கும். மேலே தெளிந்ததை வடித்துத்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் போத்தலை நிரப்புகிறோம்.

குவாரி குன்றின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதன் குழி இப்போது எங்கள் கிணறுகளின் அடியைவிடத் தாழ்ந்துவிட்டது. குழியில் ஊறும் தண்ணீரை இரவு பகலாக மோட்டர் வைத்து ஓடைக்கு இறைக்கிறார்கள். கேட்டால் மழைத்தண்ணீர் என்கிறார்கள். ஆனி மாதத்தில் இங்கே மழை ஏது ஐயா?

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போல நீரைத் தேக்கி வைக்கும் நிலம் இல்லை எங்களுடையது. இது கடும்பாறை. மேலே உக்கிய மண்ணிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்குகிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இப்படித்தான்: நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்குப் போய், சூடேறி, மேலே வருகிறது. ஒரு வெடிப்பு அடைபட்டாலோ புதிதாக ஒன்று திறந்தாலோ நீர் வேறு பக்கம் திரும்பிவிடும். பிறகு அதைப் பழைய வழிக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். மலையைக் குடைந்து நீர் கொண்டுபோகும் உமா ஓயாத் திட்டத்தில் இதை நாடே பார்த்தது. 2014 டிசம்பரில் சுரங்கப்பாதைக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தண்ணீருக்கு மக்கள் பவுசர் வண்டியைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

முறைப்பாடு கொடுத்த இடத்தில், வெடிதான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முதல் வெடி வைப்பதற்கு முன் ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யாருமே அளக்கவில்லை. எங்களிடம் இருப்பது பெண்கள் எண்ணிய கணக்கு மட்டும்.

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களால் ஊற்றுகளை இழந்த ஊர்கள் அமெரிக்காவில் பல. அங்கே 1992இல் வந்த சட்டப்படி, சுரங்கத்தால் குடிநீரோ வீட்டுப் பாவனை நீரோ கெட்டால் சுரங்கம் நடத்துபவர் தாமதமின்றி மாற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். முன்பிருந்த அளவிலும் தரத்திலும் கொடுக்க வேண்டும். வழமையைவிடக் கூடுகிற பராமரிப்புச் செலவும் அவருடையதே. பென்சில்வேனியா மாநிலத்தின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. சுரங்கத்தின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி, செங்குத்துக் கோட்டுக்கு 35 பாகைச் சாய்வுக்குள் அமைந்த கிணறு கெட்டால், சுரங்கமே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது சுரங்கக்காரரின் வேலை. இங்கே நிலக்கரி இல்லை, கருங்கல்தான். ஆனாலும் ஊற்றை இழந்தவரிடமே ஆதாரம் கேட்கக்கூடாது என்ற நியாயம் இங்கேயும் பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் எங்கள் உயர் நீதிமன்றமே பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

குவாரியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அதை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

வெடிபொருள் அனுமதி உங்கள் செயலகத்தின் ஊடாகப் போவதால்தான் முதலில் உங்களிடம் வருகிறோம். ஊற்றையும் கிணறுகளையும் நீர்வளச் சபை அளந்து முடிக்கும்வரை, ஊற்றுப் பக்கத்தில் வெடி வைப்பதை நிறுத்தி வையுங்கள். அளவை ஒருமுறையோடு விடாமல் மாரியில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக எடுத்து, அறிக்கையின் தமிழ்ப் பிரதியை எங்களுக்கும் தர வேண்டும். கிணற்றடி மட்டத்துக்குக் கீழே இனியும் தோண்டக்கூடாது என்ற நிபந்தனையை, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் வழங்கும் அனுமதிப்பத்திரத்தில் சேர்க்கும்படி சுரங்கப் பணியகத்துக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் குறைந்தால், குவாரியே காரணம் என்று கொண்டு ஒரு நாளுக்குள் அவர்கள் செலவில் பவுசர் வர வேண்டும்.

பவுசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வரும் நேரம் யாருக்கும் தெரியாது. கூலி வேலைக்குப் போனவர் வீட்டில் குடம் வெறுமையாகவே இருக்கும். முதியவர்களால் தெருவரை கான் தூக்கிவர முடியாது. அதனால் பவுசரை நிரந்தர ஈடாக நாங்கள் ஏற்க முடியாது. குழாய் நீரை மேட்டுக்கு ஏற்றித் தர வேண்டும், அல்லது பரிசோதித்த நல்ல குழாய்க்கிணறு ஒன்று தர வேண்டும். ஊற்று எங்களிடம் ஒரு சதமும் கேட்டதில்லை. ஆகையால் மோட்டருக்கு வரும் மின்கட்டணமும் திருத்தச் செலவும் குவாரி நடத்துபவரையே சேர வேண்டும். அதற்கான பணத்தை முற்கூட்டியே வைப்பிலிடச் செய்யுங்கள்.

வெடி வைப்பது செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில். அப்படி ஒரு நாளில் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். வாகனம் வைரவர் கோயிலடி வரைதான் வரும். அங்கிருந்து ஊற்றடிக்கு ஐந்து நிமிட நடை. நாங்கள் கோயிலடியில் காத்திருந்து கூட்டிப்போவோம். குடும்பங்களின் கையொப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்,
கிராம அபிவிருத்திச் சங்கம்.

பிரதிகள்: பிரதேச செயலாளர் (பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்), மத்திய சுற்றாடல் அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை.