பதினோராவது பொருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மரபணுவையும் இல்லறத்தையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் ‘மனைவிக்கு உண்மையாக இருக்கும் ஆண்களுக்கென்று ஒரு மரபணு உண்டு, ஸ்வீடனில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவனின் பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது 2008-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஹாசே வாலும் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வாசோபிரெசின் என்ற ஹார்மோனை மூளையில் ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கான (அதன் பெயர் ஏற்பி) மரபணுவை ஒட்டி, ஒரே துணுக்கு அடுக்கடுக்காகத் திரும்ப வரும் இடம் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த நீளங்களில் ஒன்றுக்கு ‘334’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். 552 இரட்டையர் ஜோடிகளையும் அவர்களுடைய துணைகளையும் ஆராய்ந்தவர்கள், கடந்த ஓராண்டில் பிரிந்துவிடலாமா என்கிற அளவுக்கு நெருக்கடி வந்ததா என்று கேட்டார்கள். 334 இல்லாத ஆண்களில் 15 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு பிரதியும் உள்ளவர்களில் 34 சதவீதத்தினர். இரு மடங்கு என்று தலைப்புப் போடுவதற்கு இது போதும்.

ஆனால் அந்த 34 சதவீதம் எத்தனை பேர்? 41 பேரில் 14 பேர். மற்ற 27 பேர் அதே 334-ஐ இரட்டையாகச் சுமந்துகொண்டு சண்டை முற்றாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. நெருக்கடி வந்ததாகச் சொன்ன ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் 334 ஒன்றுகூட இல்லை. அந்த ஆய்வு அளந்தது நெருக்கத்தையும் மணவாழ்வின் சிக்கலையும்தான். துரோகம் என்ற சொல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

வோல் என்ற எலிகளைப் பற்றிய பகுதியும் பாதிக் கதைதான். அமெரிக்கப் புல்வெளிகளில் ஜோடி சேர்ந்து வாழும் இந்தச் சிற்றெலியின் வாசோபிரெசின் ஏற்பி மரபணுவை, ஜோடி சேராத உறவினமான இன்னொரு வோலின் முன்மூளையில் செலுத்தியபோது அதுவும் ஒரு துணையை நாடியது என்பது உண்மை. 2004-இல் வந்த அழகான சோதனை அது. ஆனால் பிணைப்புக்கு ஆதாரம் என்று அத்தனை காலம் நம்பப்பட்ட ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பியை மரபணுவிலிருந்தே நீக்கிய புல்வெளி வோல்களும் வழக்கம்போல ஜோடி சேர்ந்ததை 2023-இல் பார்த்தார்கள். எலியே இவ்வளவு இடக்குச் செய்கிறது!

பெண்கள் வாசனையால் மரபணு அறிகிறார்கள் என்பதற்குக் கட்டுரை காட்டும் பனியன் சோதனை 1995-இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் நடந்தது. 44 ஆண்கள் இரண்டு இரவு உடுத்திய பனியன்களை 49 பெண்கள் முகர்ந்து பார்த்தார்கள். நோயெதிர்ப்பு மரபணுக்கள் தங்களிடமிருந்து வேறுபட்ட ஆண்களின் வாசனையே இனிது என்றார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு விருப்பம் தலைகீழானது. அமெரிக்காவின் ஹட்டரைட் சமூகத்துத் தம்பதிகளிடம் இதற்கு ஆதரவான தடயம் கிடைத்தது. தென்னமெரிக்கப் பழங்குடித் தம்பதிகளிடம் தேடியபோது கிடைக்கவில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் நம்மிடம் மூக்கின் பேச்சு எடுபட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை மக்கள் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன, பிறகு தத்தம் கூட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் அகமணத்துக்குள் சுருங்கின என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே கணவன் மனைவியின் மரபணுக்கள் ஒத்திருந்தால் அதில் சாதியின் கைவரிசைதான் பெரிது.

நடத்தையில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கடுகளவு தள்ளிவிடுகின்றன. மனச்சோர்வுக்குக் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் பேசப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவில் வைத்துப் பார்த்தபோது, வேறு எந்த மரபணுவையும்விட அவற்றுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தது.

இவ்வளவு எழுதத் தூண்டியது கட்டுரை மட்டுமல்ல. சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு வரன் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை அத்தை மகன்தான். பத்துப் பொருத்தம் பார்த்த குறிப்போடு, வழவழப்பான தாளில் அச்சிட்ட பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்றையும் மேசையில் வைத்தார். இருவரின் எச்சிலையும் அனுப்பி, சில ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கியது. முதல் பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஓர் இதயம், அதற்குள் ஒரு மதிப்பெண். ஐந்தாம் பக்கத்தில் ‘விசுவாசம்’ என்ற தலைப்பில் பச்சை நிறப் பட்டை. அதன் அடியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில், அதே வாசோபிரெசின் ஏற்பி!

பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் பெயர் எங்கும் இல்லை. ஆரோக்கியமாக நடமாடும் இருவர் அந்தக் குறையை ஆளுக்கொரு பிரதியாக ஒளித்துவைத்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இதுபோன்ற குறைகள் இருவரிடமும் ஒன்றாகவே இருப்பதற்கு இடம் அதிகம். மரபணு உறுதியாகச் சொல்லக்கூடிய சங்கதி இது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருவரும் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பரிசோதனையின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது எடுத்தார்களா என்று விசாரித்தேன். “மண்டபம் கிடைத்துவிட்டது சார், தை மாதம் முகூர்த்தம், நீங்கள் அவசியம் வர வேண்டும்” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்