திங்கட்கிழமைக்கு முன்னால்

அன்புள்ள கலா,

உன் கடிதத்தை நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதன் கடைசி இரண்டு வரிகள். "திங்கட்கிழமை முதல் சோறு, ரொட்டி எதையும் தொடப்போவதில்லை. மாவுச்சத்தே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல முடிவுதான், தடுக்க மாட்டேன். ஆனால் சுகருக்கு நீ என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், எங்கேயும் காணோம். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் யாரையும் கேட்காமல் ஆரம்பித்தேன். அப்போது என் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.4 சதவீதம். காலையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு சுகர் மாத்திரைகள் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. மகள் ஏதோ கேட்கிறாள், எனக்குப் பதில் வரவில்லை. அவள்தான் சர்க்கரை மீட்டரில் பார்த்தாள்: 54, மிகவும் தாழ்வு. ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 82. அன்று அவள் முகம் இருந்த இருப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு மாதிரியான மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி உந்துகின்றன. நாம் அன்று சாப்பிட்டோமா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. தட்டில் சோறு இருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்த அளவு அது. சோற்றை நான் எடுத்துவிட்டேன், மாத்திரையை அப்படியே விட்டுவிட்டேன். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு.

இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது கலா, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று பெயர் "கிளிஃப்ளோசின்" என முடியும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்குப் போகலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் நமக்குச் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என்று வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. உன் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை பார்த்துவிடு.

சரி, அந்த 54க்கு அப்புறம்தான் உணவு ஆலோசகரைத் தேடினேன். முதலில் பார்த்தவர் என் எடையைக் கேட்டார், அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். காலை, பகல், இரவு என்று கட்டம் போட்ட தாள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் வேண்டுமானாலும் நியூட்ரிஷனிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. டயட்டீஷியன் என்ற பட்டத்துக்குப் பல நாடுகளில் முறையான படிப்பும் பதிவும் வேண்டும். நீ போகும்போது "என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்" என்று கூச்சப்படாமல் கேள்.

இரண்டாவதாகப் பார்த்தவர் போனிலேயே சொல்லிவிட்டார்: மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள், மூன்று நாள் சாப்பிட்டதை மறைக்காமல் எழுதி வாருங்கள், சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் கொழுப்புப் பரிசோதனையும் இருந்தால் கொண்டு வாருங்கள். நான் எழுதிப் போனதை ஒரு மணி நேரம் வரிவரியாகப் படித்தார். திட்டவில்லை. "சாயங்காலம் நாலு மணிக்கு ஏன் பசிக்கிறது?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. காலையில் புரதம் கிட்டத்தட்ட இல்லாமலே சாப்பிட்டு வந்திருக்கிறேன், அதனால்தான் நாலு மணிக்குக் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகிறது என்று அவர் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மாவுச்சத்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. குறைந்த மாவுச்சத்து என்றால் பொதுவாக நாளைக்கு 130 கிராமுக்குள், கீட்டோ என்பது 50 கிராமுக்கும் கீழே, இரண்டும் வேறு வேறு என்று விளக்கினார். என்னை 130இல் ஆரம்பிக்கச் சொன்னார். அப்புறம் கணக்கு. வடித்த வெள்ளைச் சோறு 100 கிராம் எடுத்தால் அதில் 28 கிராம் மாவுச்சத்து. நான் ஒரு வேளைக்கு எவ்வளவு வைத்துக்கொள்கிறேன் என்று தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 300 கிராம். அதாவது ஒரே வேளையில் 84. உடம்புக்கு நல்லது என்று குடித்த ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளரில் 25 கிராமுக்கு மேல், அதிலுள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. பருப்பில் மாவுச்சத்து இருந்தாலும் நாரும் புரதமும் கூடவே வருவதால் அதை விடச் சொல்லவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்யச் சொன்னார், இதை நீ கட்டாயம் செய்து பார். ஒரே சாப்பாட்டை இரண்டு நாள் இரண்டு விதமாகச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் எப்போதும்போல, மறுநாள் காய்கறியும் புரதமும் முதலில், சோறு கடைசியில். இரண்டு நாளும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்க்க வேண்டும். எனக்கு முதல் நாள் 221, மறுநாள் 176. ஒரு பருக்கைகூடக் குறைக்கவில்லை, வரிசையை மட்டும்தான் மாற்றினேன். எல்லாருக்கும் இதே அளவு இறங்கும் என்று சொல்ல மாட்டேன். உன் விரலில் வரும் எண்தான் உனக்குக் கணக்கு.

அவர் மாத்திரையைத் தொடவே இல்லை. அது டாக்டர் வேலை என்று சொல்லி, எந்த வாரத்திலிருந்து எவ்வளவு குறைக்கப் போகிறோம் என்று டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், ஒன்றரை மாதத்தில் நிறுத்தினார். ரத்த அழுத்த மாத்திரையையும் குறைக்க வேண்டி வந்தது. மாவுச்சத்துக் குறையும்போது உடம்பு உப்பையும் நீரையும் அதிகம் வெளியேற்றும், எழுந்து நின்றால் தலை சுற்றும் என்று ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படாமல் டாக்டரிடம் போய்க் காட்டினேன்.

ஆறு மாதத்தில் சராசரி 6.6. இப்போது 6.9. இந்த ஏற்றம் எனக்கு வருத்தம்தான். ஆலோசகரிடம் சொன்னபோது 2021இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குறைந்த மாவுச்சத்து சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் 57 சதவீதம் பேருக்குச் சராசரி 6.5க்குக் கீழே வந்திருக்கிறது, மற்ற உணவுமுறைகளில் 31 சதவீதம். ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. "முதல் ஆறு மாதம் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். ஏழாவது மாதத்துக்கும் சேர்த்துத்தான் நாம் திட்டம் போட வேண்டும்" என்றார். அதனால் இப்போது இரவுச் சாப்பாட்டை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டு பகலில் அளவாகச் சோறு சாப்பிடுகிறேன். என்னால் பத்து வருஷம் செய்ய முடியும் என்று தோன்றுவது இதுதான்.

நோய் முழுக்கக் குணமாகிவிடும் என்று உன்னிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் சராசரி 6.5க்குக் கீழே நின்றால் அதைத் தணிவு நிலை என்கிறார்கள். குணம் என்று சொல்வதில்லை, திரும்பி வரலாம் என்பதால் பரிசோதனையும் தொடர வேண்டும். அந்த நிலைக்கு நீ போனால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் யாரும் இருக்க மாட்டார்கள். உனக்குச் சுகர் வந்து ஒன்றரை வருஷம்தானே ஆகிறது, சீக்கிரம் ஆரம்பிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

உன் சிறுநீரகப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தாய்? சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை நாமாக ஏற்றக் கூடாது. கெட்ட கொழுப்பையும் இப்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள். சோறு போன இடத்தில் வெண்ணெய் வந்து உட்கார்ந்தால் சிலருக்கு அது ஏறிவிடும்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேருகிறாள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது மனம் முழுக்க உன் திங்கட்கிழமையில் இருக்கிறது. ஒரு வாரம் தள்ளி வை. அதற்குள் மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, உன் டாக்டரிடமும் காட்டிவிடு. ஆலோசகரைப் பார்க்கப் போகும் நாளைச் சொன்னால் அந்த நேரத்தில் போன் பக்கத்திலேயே இருப்பேன். பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று போட்டு வைத்துக்கொள்டி.

அன்புடன்,
மீனா