அமெரிக்காவின் இஷ்பெமிங்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வேலை முடிந்து வந்ததும் எழுதலாம் என்று பேனாவை எடுப்பேன், அப்படியே தூங்கிப் போவேன். மன்னித்துவிடுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பாஸ்டி என்று ஒன்று விற்கிறார்கள், நம் சோமாசு மாதிரி மடித்து, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து, உள்ளங்கைக்குள் அடங்காத அளவில். ஒன்று வாங்கினால் இரண்டு வேளை ஓடிவிடும். குளிரில் ஜன்னலின் உள்பக்கக் கண்ணாடியிலேயே பனி படிகிறது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் துப்பாக்கி என்ன ரகம், அதில் போடும் தோட்டா என்ன ரவுண்டு என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். அது பிரௌனிங் கம்பெனியின் 'பார்' என்கிற வேட்டைத் துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக். இரும்புச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1971இல் வாங்கினாராம். குழலில் 'மேட் இன் பெல்ஜியம்' என்று இருக்கிறது. எஃப்.என். கம்பெனி செய்தது அப்பா, ராணுவத்தில் நீங்கள் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மூலமானதும் அங்கே பிறந்ததுதான்.

மிச்சிகனில் மான் வேட்டை நவம்பர் 15 முதல் 30 வரை. அதற்கு முந்தின ஞாயிறு சரளைக் குழிக்குக் குறி சரிபார்க்கப் போனவர் என்னையும் கூட்டிப்போனார். நான் துப்பாக்கியைத் தொடவில்லை, தள்ளியே நின்றேன். எஸ்.எல்.ஆர். போலவே இதுவும் காஸில் ஓடுவதுதான். குழலில் சின்ன ஓட்டை, அதில் வரும் வெடிமருந்துக் காஸ் பிஸ்டனைத் தள்ள, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் போய்ச் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே வீசிவிட்டு அடுத்ததை ஏற்றுகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். ஆனால் பிஸ்டன் இதில் குழலுக்கு அடியில். போல்ட் சுழன்று ஏழு பற்களால் பூட்டிக்கொள்கிறது. மேகசின் அடித்தட்டோடு கதவு மாதிரி கீழே திறக்கிறது, நாலே ரவுண்டு. உங்களுடையது இருபது அல்லவா? இங்கே வேட்டைக்கு இந்த ரகத்தில் குழலுக்குள் ஏறியிருக்கும் ரவுண்டையும் சேர்த்து ஆறுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று சட்டம். எடையும் எஸ்.எல்.ஆரைவிட ஒரு கிலோ குறைவு.

ரவுண்டு தர்ட்டி ஆட் சிக்ஸ். 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டதால் அந்த ஆறு. இதைக் குட்டையாக்கித்தான் பின்னால் உங்கள் எஸ்.எல்.ஆரின் 7.62 ரவுண்டு வந்தது. கூடு இது 63 மில்லிமீட்டர், உங்களுடையது 51. அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு காலிக் கூடு பனியில் விழுந்து 'சுர்' என்று உள்ளே இறங்கியது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். ஊருக்குக் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் வம்பு, அதனால் கடிதத்தின் பின்பக்கம் பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறேன். விரலை வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அவர் குழலைத் துடைத்தபோது அந்த எண்ணெய் வாசனை வந்தது. லீவில் வந்து நீங்கள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க வருமே, அதே வாசனை. நானும் அக்காவும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்போம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் வலது தோள் இப்போதும் வலிக்கிறதா? ஒருநாளும் நான் கேட்டதே இல்லை.

அக்காவின் வளைகாப்புத் தேதி குறித்தாயிற்றா? பணம் இந்த மாதம் 20ஆம் தேதிக்கு மேல்தான் அனுப்புவேன், வேறொன்றுமில்லை, சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள். அதுவரை சொசைட்டி வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், நகையைத் திருப்ப அவசரப்பட வேண்டாம். கிணற்று மோட்டாருக்கு மறுபடி காயில் கட்டாதீர்கள், புதிதாகவே வாங்கலாம். சித்தப்பா வரப்பைத் தள்ளிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். சண்டை வேண்டாம், சர்வேயருக்கு மனு கொடுங்கள். பட்டா நகலைத் தம்பியிடம் சொல்லி போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நாலு எல்லையும் தெரிகிற மாதிரி.

உங்கள் மகன்